ஆலோசனை சொல்ல வருபவர் எத்தனை நாள் தங்குவார்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் விடிய நாலரைக்கு முதல் பஸ் வரும். ஏறுகிற வயதானவர்களில் பாதிப்பேரின் கையில் ஒரு பை இருக்கும். அதற்குள் தண்ணீர்ப் போத்தல், ஒரு துவாய், பொலித்தீனில் சுற்றிய கிளினிக் கொப்பி. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மாத மருந்து எடுக்க மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்கள். போகிற வழியில் இரண்டு சின்ன வைத்தியசாலைகள் இருக்கின்றன. பஸ் இரண்டையும் தாண்டித்தான் போகிறது.

சுகாதாரப் பணிமனை ஒன்றின் திட்டமிடல் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒருநாள் அந்த பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த அம்மாவிடம், கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கலாமே என்று கேட்டேன். "அங்க குளிசை இருக்கோ இல்லையோ எண்டு போய்ப் பாத்தாத்தான் தெரியும் மனே. இல்லாட்டி திரும்பவும் பஸ்ஸுக்குக் காசு. பெரியாஸ்பத்திரியில பின்னேரம் மட்டும் இருந்தாலும் வெறுங்கையோட வரமாட்டன்" என்றார். அவ்வளவுதான். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

அதே ஆண்டு ஒரு திட்டத்தின் கீழ் வெளிநாட்டு ஆலோசனை நிறுவனமொன்றிலிருந்து ஒரு குழு வந்தது. இரண்டு நாள் நின்றார்கள். முதல் நாள் கூட்டம், மறுநாள் வைத்தியசாலை பார்த்தல். சில மாதங்கள் கழித்து ஆங்கிலத்தில் தடித்த அறிக்கை வந்தது. மக்களுக்கு விழிப்புணர்வு போதாததால்தான் சிறிய வைத்தியசாலைகளைத் தவிர்க்கிறார்கள் என்றும், பதாகைகளும் வீதி நாடகங்களும் தேவை என்றும் அதில் எழுதியிருந்தது. பஸ்ஸில் கேட்ட அந்தப் பதில் அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, மிகவும் படித்தவர்கள். ஆனால் அந்த பஸ்ஸில் ஏற அவர்களுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் இருக்கிற கேள்வி இது. நாட்டின் சுகாதார முறையைச் சீர்திருத்த வெளியிலிருந்து ஆலோசனை வருவது நிற்கப்போவதில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மருந்துத் தட்டுப்பாடு வந்தது, வைத்தியர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஆலோசனை இன்னும் கூடும். அப்படியென்றால் எந்த வகை ஆலோசனையை நாம் கேட்டு வாங்க வேண்டும்? மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பணிமனைகளிலும் மாகாண அமைச்சிலும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களிலும் இருப்பவர்கள், "தருவதை வாங்குவோம்" என்று இருந்துவிடாமல் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

வெளி ஆலோசனை நமக்குப் புதிதில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதார அலகுக்குப் பின்னால் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் உதவி இருந்தது. இன்று ஊர் ஊராக இருக்கிற சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எல்லாமே இன்றைய வடிவத்தில் அந்த வித்திலிருந்து வளர்ந்தவைதான். சுதந்திரத்துக்குப் பிறகு அவுஸ்திரேலியாவின் முதல் சுகாதாரப் பணிப்பாளர் நாயகமாக இருந்த கம்ஸ்டனை அழைத்து அறிக்கை கேட்டார்கள். 1950இல் அது வெளிவந்தது. 1952இன் சுகாதார சேவைகள் சட்டம் அதை ஒட்டியே எழுதப்பட்டது. கம்ஸ்டன் இங்கே ஆண்டுக்கணக்கில் தங்கவில்லை. ஆனால் கேள்வி கொழும்பிலிருந்து போனது, பதிலை எடுத்து நடத்த ஆள் இருந்தது. நிர்வாகத்தை எப்படிப் பிரிப்பது, எந்தச் சட்டம் வேண்டும் என்பது போன்ற கேள்விக்குக் குறுகிய வருகை போதும் என்பதை அதிலிருந்து ஏற்றுக்கொள்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. 1955இல் உலகம் முழுவதற்கும் ஒரே வரைபடமாக மலேரியா ஒழிப்புத் திட்டம் வந்தது. 1963இல் இலங்கையில் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. நோய் குறைந்ததும் மருந்து தெளிப்பைக் கைவிட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் ஏறியது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தக் காய்ச்சலை நினைவில் வைத்திருக்கும் தாத்தாமார் இன்னும் இருக்கிறார்கள். கடைசியில் 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. ஒவ்வொரு நோயாளியின் வீடுவரை போய், இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பார்த்த பிராந்திய மலேரியாப் பிரிவு ஊழியர்களின் பொறுமை அதற்குப் பின்னால் இருக்கிறது.

சரி, இப்போது கையில் இருக்கும் தெரிவுகளைப் பார்ப்போம்.

முதலாவது, கடனோடு சேர்ந்து வரும் ஆலோசனை. ஆரம்ப சுகாதார சேவையை வலுப்படுத்த 2018இல் உலக வங்கி 200 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே ஆண்டு ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது அது மத்திய, வடமத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களுக்கானது, கிழக்கு அதில் இருக்கவில்லை. இந்த வகையின் பலம் காசு. கட்டடம் வரும், ஆய்வுகூடம் வரும், கணினி வரும். உலக வங்கித் திட்டத்தில் குறித்த இலக்கை அடைந்தால்தான் அடுத்த தொகை விடுவிக்கப்படும் என்று இருந்ததால், கொழும்பில் கோப்பு தூங்கவில்லை. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். காசில்லாமல் சீர்திருத்தம் என்பது கூட்டக் குறிப்போடு முடிந்துவிடும்.

ஆனால் எது எண்ணப்படுகிறதோ அதுதான் செய்யப்படும். எத்தனை பேரைப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டால், பதிவேடு நிரம்பும். பதிவு செய்தவர் ஆறாவது மாதமும் மருந்தெடுக்க வந்தாரா என்பதை யாரும் கேட்காவிட்டால், அது யாருடைய வேலையும் ஆகாது. இன்னொன்று, இங்கே வருபவர்களுக்கு நம் நிர்வாக எல்லை விளங்க நாள் எடுக்கும். அம்பாறை ஒரே மாவட்டம். சுகாதாரத்துக்கு அது இரண்டு பிராந்தியம்: அம்பாறைக்கு ஒரு பணிப்பாளர், கரையோரப் பக்கத்துக்குக் கல்முனையில் இன்னொரு பணிப்பாளர். நான் பார்த்த ஒரு வரைவறிக்கையில் குடிசன மதிப்பீட்டின் முழு மாவட்டச் சனத்தொகையையும் எடுத்து, ஒரு பிராந்தியத்தின் நோயாளர் எண்ணிக்கையை அதனால் வகுத்திருந்தார்கள். அம்பாறை மாவட்டத்தில் நோயாளர் வருகை வியக்கத்தக்க அளவு குறைவு என்று ஒரு பந்தி முழுக்க விளக்கம் வேறு. எங்கள் பிரிவில் இருந்த தங்கச்சி ஒருத்திதான் பிழையைப் பிடித்தாள். அவள் பிடிக்காவிட்டால் அந்தக் குறைந்த எண்ணை வைத்தே ஆளணி கணக்கிடப்பட்டிருக்கும்.

இரண்டாவது, உலக சுகாதார நிறுவனம். இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர்களிடம் பெரிய காசு இல்லை; ஆனால் அமைச்சு அவர்களை நம்புகிறது, வழிகாட்டிகள் தரமானவை, கொழும்பில் நிரந்தரமாக இருக்கிறார்கள். வேலை பெரும்பாலும் தேசிய மட்டத்தோடு நின்றுவிடுகிறது. மட்டக்களப்புக்கு வரும்போது அது ஒரு பயிற்சிப் பட்டறையாகவும், ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அச்சிட்ட ஒரு கோவையாகவும் ஆகிவிடுகிறது. நடுவராக இருந்து எல்லோரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர அவர்களைவிட ஆள் இல்லை. அதற்கு அழைக்கலாம்.

மூன்றாவது வகையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மனம் அதன் பக்கம்தான் சாய்கிறது. ஒரு நிபுணர், அல்லது இரண்டு பேர், நம் பணிமனையிலேயே மேசை போட்டு இரண்டு மூன்று ஆண்டு இருப்பது. யப்பானின் அரச உதவி நிறுவனமான ஜெய்க்கா இப்படித்தான் பல இடங்களில் வேலை செய்தது. தொற்றா நோய்த் தடுப்புக்காக 2008 முதல் 2013 வரை குருநாகலிலும் பொலன்னறுவையிலும் அமைச்சோடு சேர்ந்து செய்து பார்த்தார்கள். எந்த வயதுக்காரரை அழைப்பது, இரத்தத்தில் சீனியை எந்த நேரம் பார்ப்பது, முடிவை எந்தக் கொப்பியில் எழுதுவது என்று களத்தில் வைத்தே திருத்தினார்கள். 2011இலிருந்து நாடு முழுக்க வந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களுக்கு அந்த அனுபவம் உதவியது. இங்கே எந்தச் சின்ன வைத்தியசாலைக்குப் போனாலும் 35 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதிக்க அழைக்கும் அந்தப் பலகையைக் காணலாம்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு கதை ஐந்து 'எஸ்' முறை. யப்பானியத் தொழிற்சாலைகளில் இருந்த ஒழுங்கு முறை அது. 2000ஆம் ஆண்டளவில் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை அதை எடுத்துத் தன் வாட்டுகளுக்கு ஏற்ப மாற்றியது. நடத்தியவர்கள் நம் நாட்டு வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களும். யப்பான் அதைப் பார்த்துவிட்டு ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுபோனது. இலங்கையைப் பாருங்கள் என்று அங்கிருந்து ஆட்களை இங்கே அழைத்துவந்தது. ஆலோசனை வந்த வீட்டிலிருந்தே அடுத்த வீட்டுக்கு ஆலோசனை போயிற்று. (செனக பிபிலேயை மறக்கக்கூடாது. 1971இன் மருந்துக் கொள்கை அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர் அவர். மூன்றாம் உலக நாடுகளுக்கு மருந்து வாங்கும் வழி சொல்ல ஐ.நா. அவரை அனுப்பியது. 1977இல் கயானாவில் அந்த வேலையில் இருந்தபோதே இறந்தார். நாம் கேட்டு மட்டும் இருக்கப் பிறந்தவர்கள் இல்லை.)

தங்கியிருக்கும் நிபுணரின் பெறுமதி சின்ன விசயங்களில்தான் தெரியும். படுவான்கரைச் சின்ன வைத்தியசாலை ஒன்றின் மருந்துப் பதிவேட்டை நான் பார்த்திருக்கிறேன். நீளக் கொப்பி, அடிமட்டத்தால் கோடு போட்டிருந்தது. மெற்போர்மின் என்ற சீனி வருத்த மாத்திரையின் பக்கத்தில் கையிருப்பு ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வந்து, மாதத்தின் 19ஆம் திகதி பூச்சியம். அதன்பிறகு பதினொரு நாளுக்கு வெற்றுக் கட்டங்கள். அடுத்த மாதமும் அப்படித்தான், 21ஆம் திகதி. காரணத்தைத் தேடிப் போனால் முந்தைய ஆண்டு கொடுத்த அளவை வைத்தே அடுத்த ஆண்டுக்கு மதிப்பீடு எழுதப்பட்டிருந்தது. மருந்து முடிந்து வெறும்கையோடு திரும்பியவர்களைக் கொடுத்த அளவில் யாரும் எண்ணவில்லை. ஆகவே மதிப்பீடு குறைவாகவே போகிறது, மருந்து குறைவாகவே வருகிறது, சனம் பஸ் ஏறுகிறது. சனம் குறைந்ததும் "இங்கே தேவை குறைவு" என்று எழுதப்படுகிறது. இந்த வட்டத்தை இரண்டு நாளில் கண்டுபிடிக்க முடியாது. மருந்தாளரோடு தேநீர் குடித்து, மூன்று மாதம் அந்தக் கொப்பியைப் புரட்டினால்தான் தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. எல்லாம் அந்த ஒரு ஆளைப் பொறுத்தது. பொருத்தமில்லாதவர் வந்தால் மூன்று ஆண்டு வீண். வந்தவர் நல்லவரென்றால், நம் ஆட்கள் எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டிவிடும் ஆபத்து. அவர் போன மறுமாதம் கணினியில் இருந்த கோப்புகளைத் திறக்க ஆளில்லாமல் போன கதையும் நமக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு கல்முனையிலும் மட்டக்களப்பிலும் எத்தனை அமைப்புகள் வந்து எத்தனை வடிவத்தில் படிவம் அச்சிட்டுத் தந்தன! 2005இல் பாரிஸில் உதவி செய்யும் நாடுகள் சேர்ந்து, பெறுகிற நாட்டின் முறைகளையே பயன்படுத்துவோம் என்று கையெழுத்திட்டன. அதே ஆண்டு நம் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஒரே தாயின் விபரத்தை நாலு படிவங்களில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது, அயலவரிடமிருந்து கற்பது. இதைப் பலர் ஆலோசனை என்றே கணக்கெடுப்பதில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இந்தியாவின் நன்கொடையோடும் அங்கிருந்த அனுபவத்தோடும் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. பிறகு நாடு முழுக்க வந்தது. 2018இல் அதற்கென்று சட்டமே நிறைவேறியது. இன்று மண்டூரிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் சனம் யோசிக்காமல் அந்த நம்பரை அழுத்துகிறார்கள்.

மருந்து விசயத்தில் நமக்கு மிகக் கிட்டிய பாடம் தமிழ்நாடு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஒரு பாஸ்புக் கொடுக்கிறது. ஆண்டுக்கு உனக்கு இவ்வளவு பெறுமதி, அதற்குள் உனக்குத் தேவையானதை மாவட்டக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள் என்பதுதான் முறை. வங்கிப் புத்தகம் போல வரவும் செலவும் அந்த வைத்தியசாலையின் கையிலேயே இருக்கும். 2021 ஓகஸ்டில் கிருஷ்ணகிரியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சீனி, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அங்கே வேலை செய்பவர்கள் பேசுவது தமிழ்; நம் மருந்தாளர் அங்கே ஒரு மாதம் களஞ்சியத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

தாய்லாந்தும் பார்க்க வேண்டிய இடம். 2002இல் எல்லோருக்கும் சுகாதாரக் காப்பைச் சட்டமாக்கினார்கள். அதற்கு முன்பே சங்குவான் நித்தயரம்போங் போன்ற கிராமப்புறத்தில் வேலை செய்த வைத்தியர்கள் பல ஆண்டு கணக்குப் பார்த்து, எழுதி, தயாராக இருந்தார்கள். தம் கொள்கை ஆய்வுக்கென்று சொந்த நிறுவனங்களையும் வளர்த்தார்கள். வெளி ஆலோசகர் வந்தால் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆள் இருந்தது.

அயலவர் வழியில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அவர்கள் முறை வேறு. இங்கே மருந்து தேசிய மட்டத்தில் வாங்கப்பட்டு, மருத்துவ வழங்கல் பிரிவு வழியாகப் பிராந்தியக் களஞ்சியத்துக்கு வருகிறது. மாகாணம் தானாகக் கொள்வனவை மாற்ற முடியாது; பிராந்தியக் களஞ்சியத்திலிருந்து சின்ன வைத்தியசாலைவரையுள்ள கடைசிப் பகுதியைத்தான் மாற்றலாம். அதுவே பெரிய காரியம். இரண்டு, கிழக்கு மூன்று சமூகங்களின் மண். தெஹியத்தகண்டியில் வேலை செய்யும் சிங்களத் தாதியும் சம்மாந்துறையில் வேலை செய்யும் முஸ்லிம் மருந்தாளரும் இதைத் தங்களுடையது என்று உணர வேண்டும். தமிழிலேயே கற்கலாம் என்ற மகிழ்ச்சியில் அதை மறந்தால், நல்ல முறையொன்று தேவையில்லாத சந்தேகத்தில் அடிபட்டுப்போகும். முதல் நாளிலிருந்தே சிங்களத்திலும் எழுத வேண்டும்.

எல்லா வகைக்கும் பொதுவான ஒரு சிக்கல், யார் கேட்பது என்பது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு சுகாதாரத்தின் பெரும் பகுதி மாகாணத்துக்கு வந்தது. ஆனால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். படுவான்கரைச் சின்ன வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். கொத்தணி முறை என்று இப்போது பேசப்படுவது, பெரியதையும் அதைச் சுற்றியுள்ள சின்னதுகளையும் ஒரே குடும்பமாக்குவது. குடும்பத்தின் தலைப்பிள்ளைக்கு ஒரு அப்பா, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு அப்பா என்றால் சோறு எப்படிப் பகிர்வது? கிழக்கு மாகாணசபை 2017 செப்டெம்பரில் காலாவதியாகி நீண்ட காலம் தேர்தலே நடக்கவில்லை. ஆலோசகருக்கு முன்னால் உட்கார்ந்து "எங்களுக்கு வேண்டியது இது" என்று சொல்ல மக்கள் தெரிந்தெடுத்த ஆள் இல்லாதபோது, வருகிறவர் தானே கேள்வியையும் எழுதிக்கொள்கிறார்.

அப்படியானால் நான் எதைத் தெரிவேன்? தங்கியிருக்கும் சிறு குழுவை. இரண்டு பேர், மூன்று ஆண்டு. அவர்களுக்கு மேசை கொழும்பில் இல்லை, மட்டக்களப்பிலும் கல்முனையிலும். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நம் பணிமனை உத்தியோகத்தர் ஒருவர், கூடவே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலிருந்து ஒருவர். முதலாண்டு வெளியார் முன்னால் நடக்க நம்மவர் பின்னால் வரலாம், மூன்றாம் ஆண்டு இடம் மாறியிருக்க வேண்டும். மருந்துக் களஞ்சியத்தைப் பார்க்க நம் மருந்தாளர்கள் தமிழ்நாட்டுக்குப் போகட்டும். அங்கிருந்து ஒரு பெரியவர் வந்து மேடையில் பேசுவதைவிட அதில் பயன் அதிகம். வங்கிக் கடன் வந்தால் வாங்குவோம், கட்டடத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும். ஆனால் அதன் இலக்குகளில் ஒன்றையாவது நாமே எழுதித் தருவோம்: ஒவ்வொரு சின்ன வைத்தியசாலையிலும் சீனிக்கும் பிரஷருக்கும் உரிய ஆறேழு மருந்து மாதத்தில் எத்தனை நாள் இருந்தது என்பது. குறுகிய வருகை நிபுணர் செலவுக் கணக்குப் போல இறுகிய தொழில்நுட்பக் கேள்விக்கு மட்டும் வரட்டும், அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தந்தால்தான் கடைசிக் கட்டணம் என்ற நிபந்தனையோடு.

காசை முதலில் பார்ப்பவர்கள் இதை மறுப்பார்கள் என்று தெரியும். இரண்டு பேர் மூன்று ஆண்டு இருந்தால் பெரிய கட்டடம் எழாது, திறப்புவிழா இராது, நாடா வெட்ட எதுவும் இராது. மண்முனைப் பாலம் யப்பான் உதவியோடு 2014இல் திறந்தபோது வாவியைக் கடக்க 'பாதை' என்ற படகில் ஏறக் காத்திருந்த காலம் முடிந்தது. சனம் கண்ணீரோடு அதைக் கொண்டாடியது, நானும் போயிருந்தேன். அந்தப் பாலம் பெரியாஸ்பத்திரியைக் கிட்டக் கொண்டுவந்தது உண்மை. கிராமத்துச் சின்ன வைத்தியசாலையின் அலமாரியை அது நிரப்பவில்லை. அதற்கு வேறு வகை உதவி வேண்டும்.

எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைப்பதற்கு முன்னால் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பணிப்பாளர்கள் மூவரும் போதனா வைத்தியசாலைப் பணிப்பாளரும் ஒரே மேசையில் இருந்து, ஆலோசகரிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு தாளில் எழுத வேண்டும். இரண்டு மருந்தாளர்களும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரும் கட்டாயம் அந்த மேசையில் இருக்க வேண்டும். தாளில் முதல் வரியாக நான் எழுதச் சொல்வது இது: மெற்போர்மின் பக்கத்தில் 19ஆம் திகதிக்குப் பிறகு வரும் பதினொரு வெற்றுக் கட்டங்களையும் எப்படி நிரப்புவது?